மீசை நுனியில் ஒரு புள்ளி

அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் பம்ப் ரூம் என் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுங்குகிறது. அதனால் வால்வு குடும்பத்துக்கு நடந்ததெல்லாம் எனக்குத் தெரிய வேண்டியதாகப் போயிற்று.

வால்வு என்பவர் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றிவிடுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அவர் பெண்டாட்டி "என்னங்க" என்பாள், மற்றவர்கள் "வால்வு" என்பார்கள், அசல் பெயர் பெட்டியில் வைத்த பட்டுப்புடவை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. பம்ப் ரூமின் முதுகோடு ஒட்டிக்கொண்டு இரண்டு அறை வீடு. வேலை இருக்கிறவரைக்கும் வீடு. வேலை போனால் வீடும் போகும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கதவு எண். அந்த வீட்டை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது என்பது தெருவுக்கே தெரியும்.

முன் அறையில் வால்வு பெண்டாட்டி தையல் மெஷின் போட்டிருந்தாள். தெருவில் பாதிப் பேருடைய உடம்பளவு அவளுக்கு மனப்பாடம். மீதிப் பேருடைய மனசளவும் தெரியும், அதை அளந்த விதத்தைத்தான் சொல்லமாட்டாள்.

ஒரு காலத்தில் வால்வு பச்சைப் பொத்தானை அமுக்குவார், மோட்டார் ஓடும். சிவப்பை அமுக்குவார், நிற்கும். இவ்வளவு சுலபமாக ஒரு வேலை நடப்பது யார் கண்ணையோ உறுத்தியிருக்க வேண்டும். பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். வைத்தது மையக்கரு ஆணையம்.

மையக்கரு என்றால் என்னவென்று நானும் முதலில் முழித்தேன். விசாரித்ததில் விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் எத்தனையோ வேலைகள் ஓடுகின்றன. யாருக்கு எந்த அலமாரி, யார் முதலில், யார் அப்புறம் என்று பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு நிர்வாகி வேண்டியிருக்கிறது. பெரிய குடும்பத்தில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருக்கும் மூத்த மருமகள் மாதிரி. அதுதான் மையக்கரு. அந்த மருமகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்து யோசிப்பதற்குத்தான் ஆணையம்.

கம்ப்யூட்டருடைய ஞாபகம் என்பது கோடிக்கணக்கான குட்டிக் குட்டிப் பொந்துகளாம். அதில் எப்போதாவது ஒரு பொந்து கெட்டுப்போகும். சின்னதாகக் கெட்டால் எந்திரமே சரிசெய்துகொள்ளும். கொஞ்சம் கூடுதலாகக் கெட்டால், இருப்பது தப்பு என்று தெரியும், சரி எது என்று தெரியாது. இந்த நிலைமையில் மருமகள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் ஆணையத்தின் தலையாய கேள்வி. தப்பு என்று தெரிந்து, சரி எது என்று தெரியாமல் இருப்பவர்கள் கையிலேயே அந்தக் கேள்வி இருந்தது.

தினமும் காலையில் எந்திரத்தைப் போட்டவுடன் திரையில் ஆணையருடைய படம் வரும். நல்ல முறுக்கு மீசை. புன்சிரிப்போடு வணக்கம் சொல்வார். படத்தைத் தொட்டால்தான் அடுத்த திரைக்கு வழிவிடுவார், அப்புறம்தான் மோட்டார். வால்வு தொடுவதற்கு முன்னால் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். பெரிய மனுஷர் முகத்தில் எண்ணெய்க் கையை வைக்கலாமா என்று அவருக்கு ஒரு கூச்சம்.

அன்றைக்கும் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். திரை கறுத்தது. அதில் வெள்ளை எழுத்தில், "மீட்க முடியாத நினைவுப் பிழை. அனைத்தும் நிறுத்தப்பட்டன. நன்றி" என்று வந்தது.

எதற்கு நன்றி என்று தெரு முழுக்க வாளியோடு நின்று கேட்டது. பச்சைப் பொத்தானை அமுக்கேன்யா என்று இஸ்திரிக்கடைக்காரர் சத்தம் போட்டார். வால்வு அந்தப் பொத்தானைச் சோகமாகக் காட்டினார். அதன்மேல் கம்ப்யூட்டர் வந்த அன்றே ஆணையம் வைத்துவிட்டுப் போன அரக்கு முத்திரை. பிழை நேர்ந்த இடத்தில் ஊழியர் எவரும் எதையும் தொடக்கூடாது, ஆணையம் வந்து பார்க்கும்வரை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று விதியாம். "ஏதாச்சும் காரணம் இருக்கும்ங்க. படிச்சவங்க பாத்துத்தானே வெச்சிருப்பாங்க" என்றார் வால்வு. அவரிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம் இந்த நம்பிக்கைதான்.

எல்லோருடைய குடமும் வறண்டு, அண்டை அயல் உறவும் வறண்ட பிறகு ஆணையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மூத்த ஆய்வாளர். பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் ரசீது கொடுப்பவர் போல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். இன்னொருத்தி இளைய ஆய்வாளர். மடியில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, பேசாமல் வேலையைப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்க நான் ஜன்னலிலிருந்து பம்ப் ரூம் வாசலுக்கே வர வேண்டியிருந்தது, அவ்வளவு மெல்லிய குரல்.

கெட்டது ஒரே ஒரு புள்ளி. அது மோட்டார் சம்பந்தப்பட்டது இல்லை. தொட்டி, அழுத்தம், தண்ணீரின் அளவு, எதுவும் இல்லை. திரையில் வருகிற ஆணையருடைய படத்தில், இடது மீசை நுனியில் உள்ள புள்ளி.



"அந்த ஒத்த முடிக்காகவா எங்க வீட்டுல துணி துவைக்காம கிடக்கு?" என்று தையல்காரி கேட்டாள். மூத்த ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த விஷயம் உயர்நிலைக் குழுவுக்குப் போகும் என்றும், பிழை நேர்ந்தபோது உடனிருந்தவர் என்ற முறையில் வால்வு சாட்சியாக வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரி என்னிடம் வந்தாள். "அக்கா, இவரு தனியாப் போனா அங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்துருவாரு. நீங்க கூடப் போங்க. எப்படியும் போகத்தான் போறீங்க."

அவளுக்காகத்தான் போனேன்.

ஆணையத்தின் கட்டடம் வாசலிலேயே தன் கொள்கையைச் சொல்லிவிடும். மேலே போகும் லிஃப்டில் ஒரு விளக்கு எரியவில்லை. ஆகவே லிஃப்ட் நிறுத்தப்பட்டிருந்தது. மாடிப்படியில் ஒரு படி விண்டிருந்தது. ஆகவே மாடி முழுவதும் மூடப்பட்டிருந்தது. உயர்நிலைக் குழு கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் கூடியிருந்தது. கூரைத் தகரம் சுட்டது. உறுப்பினர்களுக்குப் பின்னால் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கூட்டத்தில் ஒழுங்காக இருந்தவை அவைதான்.

குழுவில் மூன்று கட்சி. முதல் கட்சி நிறுத்துவோர். எங்கே என்ன கெட்டாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. குழுத் தலைவர் அந்தக் கட்சி. இரண்டாவது நீக்குவோர். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம், கெட்ட பொந்தைத் தொட்டவனை மட்டும் நீக்கிவிட்டு மற்றவர்கள் வேலையைத் தொடரலாம் என்பார்கள். நம் மூத்த ஆய்வாளர் அதன் பெருந்தலை. மூன்றாவது, சொல்லாமலிருப்போர். ஒருவரும் பார்க்காவிட்டால் பிழை எங்கே இருக்கிறது என்பது அவர்கள் சித்தாந்தம். அவர்கள் நிழலான பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினார்கள்.

தலைவர் வரவேற்புரை ஆற்றினார். "நண்பர்களே, எந்திரம் தப்பு செய்யலாம். ஆனா அந்தத் தப்பை நம்ம பேர்ல எழுதிடக் கூடாது. ஓடுற எந்திரத்து மேல ஆயிரம் புகார் வருது. நின்னுபோன எந்திரத்து மேல ஒரே புகார்தான், நின்னுபோச்சுங்கிறது. ஆயிரத்தை ஒண்ணாக் குறைச்சிருக்கோம். இதை நான் சாதனைன்னு சொல்லலை, நீங்க சொல்லலாம்."

சொன்னார்கள். கை தட்டினார்கள்.

அடுத்து உரைகள் நடந்தன. எல்லாவற்றையும் ஒருவர் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் தேநீர் வந்தது. அதில் ஒரு சொட்டு குறிப்பின்மேல் விழுந்து ஒரு வரி அழிந்தது. தலைவர் எழுந்து நின்றார். குறிப்பில் படிக்க முடியாத வரி ஒன்று ஏற்பட்டுவிட்டதாகவும், ஆகவே கூட்டம் முழுவதும் நிறுத்தப்படுவதாகவும் அறிவித்தார். என்ன வரி என்று எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் ஞாபகத்தை நம்ப முடியாது என்பதற்காகத்தானே கூட்டமே போட்டிருக்கிறார்கள். ஆளாளுக்கு வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்தோம். வரவேற்புரையிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். நின்றுபோன எந்திரத்து மேல ஒரே புகார். கை தட்டினார்கள்.

அழிந்த வரி, "இத்துடன் சாப்பாட்டு இடைவேளை" என்பது. இரண்டாம் நாளும் யாரும் சாப்பிடவில்லை.

அப்படிப் பலமுறை வரவேற்கப்பட்ட பிறகு, ஒருநாள் எதுவும் சிந்தாமல் கூட்டம் நடுப்பகுதி வரைக்கும் வந்துவிட்டது. அந்த இடைவெளியில் இளைய ஆய்வாளர் எழுந்தாள். ஆணையருடைய படத்துக்கு நல்ல பிரதி ஒன்று டிஸ்கிலேயே இருக்கிறது, கெட்ட பொந்தை விட்டுவிட்டு அந்தப் பிரதியை வேறு பொந்தில் ஏற்றிக்கொள்ளலாம், யாரையும் நிறுத்தவும் வேண்டாம் நீக்கவும் வேண்டாம், என்று நான்கு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சைக்கிள் ஒன்று தானாகச் சரிந்து விழுந்தது.

தலைவர் கேட்டார்: "ஆணையரோட முகத்தை எடுத்துட்டு வேற முகம் போடலாம்கிறீங்களா?"

"அதே முகம்தான் சார்."

"அதே முகம்னு யார் சொல்றது?"

அவள் யோசித்தாள். அதைச் சொல்ல உரிமையுள்ளவர் ஒருவர்தான், அந்த முகத்துக்குச் சொந்தக்காரர். அவர் வெளிநாட்டில் இருந்தார். தடையில்லாத் தண்ணீர் வழங்கல் பற்றி உரையாற்றப் போயிருந்தார். அவர் வரும்வரை அந்தப் பிரதி வெறும் பிரதிதான், முகம் ஆகாது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. சொல்லாமலிருப்போர் கட்சித் தலைவரிடமும் கருத்துக் கேட்டார்கள். அவர் ஒரு கண்ணைத் திறந்து, "நான் பாக்கலை" என்றார். குறிப்பில் அது ஆதரவு என்று எழுதப்பட்டது.

பிறகு மூத்த ஆய்வாளர் எழுந்தார். அன்று அவர் பேசியதைக் கேட்டவர்கள் ஊரைக் காப்பாற்ற வந்தவர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"ஒரு புள்ளிக்காக ஒரு தெருவையே தாகத்துல விடறது பாவம். நான் பாவத்துக்கு எதிரானவன். ஒருத்தரை நீக்கினாப் போதும். பொந்து யாருக்குச் சொந்தம்னு ஆராய்ச்சி பண்ண வேண்டாம், அது நல்லா இருக்காது, ஆணையர் படம். கடைசியாத் தொட்டது யாருன்னு பாத்தாப் போதும். உடனே நீக்கணும். கையில இருக்கிற வேலையை முடிக்க விடக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது. இந்த முறையில ஒரு பெரிய வசதி இருக்கு. ஏன் நீக்கினீங்கன்னு வந்து கேக்கறதுக்கு நீக்கப்பட்டவர் இருக்கமாட்டார்."

தலைவர் வால்வைப் பார்த்து, அந்தப் படத்தைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்டார்.

நான் அவர் காலை மிதித்தேன். பிரயோசனம் இல்லை. தன்னைப் பற்றி ஒருவர் கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"நான்தாங்க. தினமும் நான்தான் தொடுவேன். கையைத் துடைச்சுட்டுத்தாங்க தொடுவேன்."

உத்தரவு அங்கேயே தயாரானது. ஒன்று: கெட்ட இடத்தைக் கடைசியாகத் தொட்டவர் உடனடியாக நீக்கப்படுகிறார். இரண்டு: கெட்ட இடம் இனி யாரும் பயன்படுத்தாதபடி ஒதுக்கிவைக்கப்படும். மூன்று: ஒதுக்கிவைத்த இடத்தை இனிமேல் தொடுகிற எவரும் அதே நொடியில் நீக்கப்படுவார். இந்த மூன்றாவதில் "எந்தப் பதவியில் இருந்தாலும்" என்று சேர்க்கச் சொன்னவர் மூத்த ஆய்வாளர். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவதில்தான் ஒரு சிக்கல். ஒரு புள்ளியை மட்டும் தனியாக ஒதுக்க ஆணையத்திடம் வழியில்லை. எதை ஒதுக்குவதானாலும் முழு அளவாகத்தான் ஒதுக்க வேண்டும், அவர்களிடம் உள்ள மிகச் சிறிய அளவு ஒரு கதவு எண். புள்ளி எந்திரத்தில், எந்திரம் பம்ப் ரூமில், பம்ப் ரூமும் வீடும் ஒரே கதவு எண்ணில். மீசை நுனி ஒதுக்கப்பட்டபோது அடுப்பங்கரையும் கூடவே போயிற்று.

வால்வு வீடு வந்து சேர்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். இல்லை. உத்தரவை நீட்டினார். தையல் மெஷின் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் பகலில் நின்று நான் கேட்டதில்லை. எதிர் ஜன்னலில் இருந்த எனக்கே காது அடைத்தாற்போல் ஆகிவிட்டது.

"வேலை போனது சரி" என்றாள் அவள். "எங்கங்க போறது?"

 சட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். பிறகு கயிறு எடுத்துவந்து, சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார். அதையும் ஒழுங்காகத்தான் செய்தார்; சின்ன டம்ளர் பெரிய டம்ளருக்குள், டம்ளர்கள் செம்புக்குள், செம்பு குடத்துக்குள். நீக்கப்பட்ட மனுஷன் இவ்வளவு நேர்த்தியாக நீங்குவதைப் பார்க்க எனக்கே என்னவோ போல இருந்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான்.

திறந்தபோது அவள் உத்தரவை மடியில் விரித்துவைத்து, விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டிருந்தாள். துணியை வெட்டுவதற்கு முன் அவள் அப்படித்தான் தடவுவாள். பிறகு எழுந்து, கட்டிய குடத்தை அவிழ்த்து, செம்பை எடுத்து, செம்பிலிருந்து டம்ளரை எடுத்து, எல்லாவற்றையும் அலமாரியில் திருப்பி வைத்தாள். அவர் கட்டக் கட்ட அவள் அவிழ்த்தாள். 

காலையில் ஆய்வாளர்கள் இருவரும் பூட்டு, சங்கிலி, சிவப்புப் பெயிண்டோடு வந்தார்கள். ஒதுக்கும் வேலைக்கு ஆணையத்தில் ஒரு முறை உண்டு: முதலில் அடையாளம், பிறகு காலி செய்தல், கடைசியில் பூட்டு. ஏன் அந்த வரிசை என்று கேட்டதற்கு, காலி செய்துகொண்டிருக்கும்போதே புதிதாக யாராவது உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதற்காக என்று மூத்தவர் விளக்கினார். ஆகவே பம்ப் ரூமையும் வீட்டையும் சுற்றித் தரையில் சிவப்புக் கோடு போட்டார்கள். வாசலில் பலகை நட்டார்கள். "ஒதுக்கப்பட்ட இடம். தொட்டவர் நீக்கப்படுவார்."

தெரு முழுக்கக் கூடிவிட்டது. வாளி எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். வால்வு ஒரு மூட்டையோடு கோட்டுக்கு வெளியே நின்றார். அவர் கட்டி, அவள் கவனிக்காமல் விட்ட ஒரே மூட்டை.

உள்ளே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, வெளிய வாங்க" என்றார் மூத்த ஆய்வாளர்.

"வர்றேன் சார். வந்து கூட்டிட்டுப் போங்க. உத்தரவுக்கு அடியில, அதிகாரி நேர்ல உள்ள வந்து வெளியேத்தணும்னு எழுதியிருக்கே. நீங்க பாட்டுக்கு வெளிய நின்னு கூப்பிட்டா நான் வந்தது செல்லுமா செல்லாதா?"

நியாயமான கேள்வி. முறை தெரிந்த பெண் என்று அவருக்கு மதிப்புக்கூட வந்திருக்கும். செருப்பைச் சரிசெய்துகொண்டு காலைத் தூக்கினார்.

"சார், கோடு காஞ்சிருச்சா?"

"ஏன்?"

"ஒட்டிக்கப்போவுது. அப்புறம் எங்கே தொட்டீங்கன்னு கேட்டா, செருப்பே சொல்லிடும்." மெஷின் சத்தம் நின்றது. வாசல் வரைக்கும் வந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்க. "மூணாவது விதியை நேத்து நீங்கதான் சொன்னீங்களாம். எங்க வீட்டுக்காரர் சொன்னாரு, ரொம்ப நல்லாப் பேசினீங்கன்னு. எந்தப் பதவியில இருந்தாலும்."

காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். எத்தனை நேரம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இஸ்திரிக்கடைக்காரர், சாருக்குச் சாய ஒரு தூண் வேணுமா என்று கேட்டார். கடைசியில் அந்தக் கால், எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே இறங்கியது.

அவர் இளைய ஆய்வாளரைப் பார்த்தார். அவள் உத்தரவைப் புரட்டினாள். தன்னுடைய சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அன்றுதான் அவள் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. ஆள் அனுப்பிக் காலி செய்யலாமா என்றால், அனுப்பப்பட்ட ஆளும் தொட்டவர் ஆவார். நீளக் கழியால் தள்ளலாமா என்றால், கழி தொட்டால் கழியைப் பிடித்தவர் தொட்டதாகுமா என்பதற்கு உயர்நிலைக் குழு கூட வேண்டும். போட்ட அடையாளத்தை அழிக்கலாமா என்றால், கோட்டை அழிப்பதற்குக் கோட்டைத் தொட வேண்டும்.

இந்த விவாதம் நடக்கும்போது வால்வு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கோட்டைத் தாண்டி, நேராக உள்ளே போய்விட்டார். அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. பெண்டாட்டி உள்ளே நிற்கிறாள், போனார், அவ்வளவுதான்.

மூத்த ஆய்வாளர் கையை நீட்டினார். "தொட்டுட்டார். எழுதுங்க."

"அவர் ஏற்கெனவே நீக்கப்பட்டவர் சார்" என்றாள் இளையவள். "நீக்கப்பட்டவரை மறுபடி நீக்க விதி இல்லை."

உள்ளேயிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. தையல்காரி பம்ப் ரூமுக்குள் போய், கத்தரிக்கோல் நுனியால் பொத்தான்மேல் இருந்த அரக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அய்யோ அது முத்திரை என்று வால்வு பதறினாராம். "ஊழியர் தொடக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு. நீங்க ஊழியரா?" என்று கேட்டாளாம். அவர் கொஞ்சம் யோசித்திருக்கிறார். வாழ்நாளில் முதல்முறையாக விதி தன் பக்கம் வந்து நிற்கிறது, அதை எப்படி வரவேற்பது என்று தெரியாமல் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

தரை லேசாக அதிர்ந்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் மூத்த ஆய்வாளர்.

"தையல் மெஷின் சார்" என்றாள் அவள், வாசலில் நின்றபடி, கையில் கத்தரிக்கோலோடு.

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லாத தையல் மெஷினைப் பார்த்தார். தெருக்கோடியில் ஒரு குழாய் இருமி, காறி, காற்றைத் துப்பி, பிறகு தண்ணீராகப் பேச ஆரம்பித்தது. கவிழ்ந்திருந்த வாளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. மூத்த ஆய்வாளர் சங்கிலியையும் பூட்டையும் எடுத்துக்கொண்டு, இடம் முறைப்படி ஒதுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் தண்ணீர் நின்றதில்லை. கம்ப்யூட்டர் நின்றது நின்றதுதான். தையல்காரி அதன்மேல் வெட்டுத்துணிகளை அடுக்கிவைத்திருக்கிறாள். வால்வுடைய சம்பளமும் நிற்கவில்லை. நிறுத்த வேண்டுமானால் அவர் பெயரைத் தொட வேண்டும், அந்தப் பெயரோ ஒதுக்கப்பட்ட கதவு எண்ணில் இருக்கிறது. சம்பளப் பிரிவில் யாருக்கும் அவ்வளவு துணிச்சல் கிடையாது. ஆணையத்தின் ஆண்டறிக்கையில் எங்கள் பம்ப் ரூம் முதலிடத்தில் வந்தது. நின்ற நாளிலிருந்து ஒரு பிழைகூட நேராத ஒரே எந்திரம் அதுதானாம். நிறுத்துவோர் அதைத் தங்கள் வெற்றி என்றார்கள், நீக்குவோர் தங்கள் வெற்றி என்றார்கள்.

அந்தப் பெருமையை நேரில் பார்க்க ஆணையரே வந்துவிட்டார். அசல் முகம், அசல் மீசை. சிவப்புக் கோட்டுக்கு வெளியே, உச்சி வெயிலில், ஒரு மேடை போட்டிருந்தார்கள். பந்தல் போடவில்லை; ஒரு கம்பு வளைந்திருந்ததால் பந்தல் முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. ஆணையர் நெடுநேரம் பேசினார். வெளிநாட்டில் பேசிய அதே பேச்சு என்று இளைய ஆய்வாளர் என்னிடம் சொன்னாள். நானும் அவளும் இப்போது பேசிக்கொள்வோம். ஒதுக்கப்பட்ட இந்த இடத்திலிருந்து இனி எவருக்கும் எதுவும் கிடைக்காது, அதுவே நம் அமைப்பின் உறுதி என்று சொல்லும்போது அவருக்குக் குரல் வரவில்லை. நெகிழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள். தாகம்.

வண்டியில் தண்ணீர் இல்லை. ஒரு பாட்டிலின் மூடி சரியில்லாததால் பெட்டியே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. மூத்த ஆய்வாளர் நாலா பக்கமும் பார்த்தார். எங்கள் வீடுகளில் தண்ணீர் இருந்தது. ஆனால் அறிக்கைப்படி எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கிடையாதே, எப்படிக் கொடுப்பது? நாங்கள் பொறுப்புள்ள குடிமக்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

தையல்காரி ஒரு பெரிய டம்ளரில் தண்ணீரோடு கோடு வரைக்கும் வந்தாள். கோட்டைத் தாண்டவில்லை. கையை மட்டும் நீட்டினாள். பின்னாலேயே வால்வும் வந்து நின்றார், பெரிய மனுஷரை முதல்முறை நேரில் பார்க்கிற கூச்சத்தோடு.

ஆணையர் டம்ளரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். வாங்கி, கடகடவென்று ஒரே மூச்சில் குடித்து முடித்து, டம்ளரைக் கோட்டுக்கு அந்தப் பக்கமே திருப்பிக் கொடுத்தார்.  இளைய ஆய்வாளர் பேனாவைத் திறந்தாள். வேண்டுமென்றேதான் திறந்தாள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

"தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதறது சார்?"

ஆணையர் அவளைப் பார்த்தார். படத்தில் இருப்பது போலவே புன்னகைத்தார்.

"எந்தத் தண்ணி?"

அவருடைய இடது மீசை நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வால்வு பழக்க தோஷத்தில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தார். தையல்காரி அவர் முழங்கையைப் பிடித்து நன்றாகக் கிள்ளினாள்.